பாக்கெட்டைப் பிரிக்கும் முன் மண்ணைத் தயார் செய்யுங்கள்: குமரி மாவட்ட மக்காச்சோளத்துக்கு நுண்ணுயிர் வழிகாட்டி

மாசியில் விதைத்த மக்காச்சோளத்தில் இரண்டு செடிகளை இருபத்தைந்தாம் நாள் வேரோடு எடுத்துப் பார்த்தேன். ஒன்று தென்னை விளையில், அதாவது மேட்டுத் தோப்பில் நின்றது, மற்றது கும்பப்பூ நெல் அறுத்த வயலில் நின்றது. இரண்டும் ஒரே விதை. ஒரே நாளில் ஊன்றினேன். ஒரே கட்டிலிருந்து பிரித்த, அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா உள்ள உயிர் உரப் பாக்கெட்டைத்தான் இரண்டுக்கும் போட்டேன். விளைச் செடியின் வேரில் மண் சட்டை போட்டது மாதிரி ஒட்டியிருந்தது. இரண்டு தடவை உதறியும் விழவில்லை. வயல் செடியின் வேரோ கழுவி எடுத்தது போல வெளியே வந்தது. நுனி தடித்துப் பழுப்பேறி, பக்க வேர் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது.

பாக்கெட் ஒன்றுதான், மண்தான் வேறு. அன்றிலிருந்து உயிர் உரம் வாங்குவதை விட, அது போய் இறங்கும் மண்ணைத் தயார் செய்வதில்தான் அதிக நேரம் செலவழிக்கிறேன். அந்த வேலையைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குமரி மாவட்டத்தில் மக்காச்சோளம் பெரும்பயிர் இல்லை. நெல், தென்னை, வாழை, ரப்பர், மரச்சீனி இவைதான் இங்கே முன்னால் நிற்கின்றன. மாட்டுக்குத் தீவனமாகவோ, தென்னைக்கு ஊடுபயிராகவோ, கும்பப்பூவுக்குப் பிறகு கோடையில் கிணற்றுத் தண்ணீரை நம்பியோதான் நம்மவர்கள் மக்காச்சோளம் போடுகிறார்கள். அதனால் திண்டுக்கல், பெரம்பலூர் பக்கம் எழுதிய குறிப்பை அப்படியே இங்கே எடுத்துப் போட முடியாது. அங்கே பெரும்பாலும் நடுநிலையோ காரமோ உள்ள மண். நம்ம மேட்டு நிலமோ மழையில் கரைந்து கரைந்து அமிலமாகிப் போன செம்மண், சரளை மண்.

யாரெல்லாம் வேலைக்கு வருகிறார்கள்

மக்காச்சோளத்துக்கு நாம் போடும் பாக்டீரியாக்களில் முக்கியமானது அசோஸ்பைரில்லம். வேரின் மேலும், வேருக்குள்ளே ஓரளவும் குடியிருந்து, காற்றில் உள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றும். டச்சு விஞ்ஞானி பெய்ஜெரிங்க் 1925-இல் இதை வேறு பெயரில் விவரித்தார். புல்லினப் பயிர்களின் வேரோடு இதற்குள்ள உறவை 1970-களில் பிரேசிலில் ஜோஹன்னா டோபரெய்னர் எடுத்துக் காட்டிய பிறகுதான் உலகம் கவனித்தது. இப்போதைய பெயர் 1978-இல் வந்தது.

பாஸ்போபாக்டீரியா, பெரும்பாலும் பேசில்லஸ் மெகாதீரியம், மண்ணில் பூட்டிக் கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அமிலம் சுரந்து கரைக்கும். பிரேட்டூரியா சாம்பல்சத்தை (பொட்டாசியம்) இளக்கிக் கொடுக்கும். சூடோமோனாஸ் நோய்ப் பூஞ்சையை அடக்கும்.

இவற்றின் குணம் ஒன்று போல இல்லை. பேசில்லஸ் கஷ்டகாலத்தில் வித்தாக உறங்கி, வெயில், வறட்சி, உரம் எல்லாவற்றையும் தாங்கி மறுபடி எழும். சூடோமோனாஸுக்கு அந்த வசதி இல்லை, காய்ந்தால் சாகும். அசோஸ்பைரில்லம் இரண்டுக்கும் நடுவில். ஆகவே "உயிர் உரம் போட்டேன், பலன் இல்லை" என்று யாராவது சொன்னால் எதைப் போட்டார், எப்படிப்பட்ட மண்ணில் போட்டார் என்று கேட்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

மண்ணுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறேன் என்பது இந்தக் கணக்கில் விளங்கும். தூள் வடிவ உயிர் உரத்தில் கிராமுக்கு 5 கோடி பாக்டீரியாவாவது இருக்க வேண்டும் என்பது அரசு விதி. திரவ வடிவில் மில்லிக்கு 10 கோடி. ஏக்கருக்கு 200 கிராம் பாக்கெட் நான்கு, அதாவது 800 கிராம் மண்ணில் இடுகிறோம் என்று வையுங்கள். மொத்தம் 4,000 கோடி. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஒரு ஏக்கரில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இருக்கும் மண் ஏறக்குறைய 9 லட்சம் கிலோ, அதாவது 90 கோடி கிராம். வகுத்தால் ஒரு கிராம் மண்ணுக்கு வருவது சுமார் 45 பாக்டீரியா. அதே ஒரு கிராமில் ஏற்கெனவே குடியிருக்கும் பழைய நுண்ணுயிர்களோ கோடிக்கணக்கில்.

கோடிப் பேர் வாழும் ஊருக்கு 45 பேர் புதிதாக வந்து இறங்குகிறார்கள். சாப்பாடு, தண்ணீர், தங்க இடம் எல்லாம் மண் கொடுத்தால்தான் அவர்கள் பெருகுவார்கள். கொடுக்காவிட்டால் பத்தே நாளில் இருந்த இடம் தெரியாமல் போவார்கள்.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. ஏக்கருக்கு 8 கிலோ விதையில் ஏறக்குறைய 30,000 விதை இருக்கும். அதற்கு 240 கிராம் கலந்தால் ஒரு விதைக்கு 4 லட்சம் பாக்டீரியா. எல்லாம் ஒட்டாது, பாதி ஒட்டினாலே போதும். நிலம் முழுக்கத் தூவுவதற்கும் வேர் முளைக்கும் இடத்திலேயே வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு.

படி 1: மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

விதைப்புக்கு இரண்டு மாதம் முன்பே மண் மாதிரி எடுங்கள். மேலே கிடக்கும் சருகை விலக்கி, மண்வெட்டியால் ஆங்கில ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் பக்கவாட்டில் ஒரே கனத்துக்கு மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடத்தில் எடுங்கள். வரப்போரம், மரத்தடி, சாணக்குழி பக்கம் எடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பகுத்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி, அரைக் கிலோ மிஞ்சும் வரை குறையுங்கள். நிழலில் உலர்த்தி, வேளாண் விரிவாக்க மையத்திலோ திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டால் பரிசோதனைக்கு எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். வயலையும் விளையையும் ஒரே மாதிரியாகக் கலந்துவிடாதீர்கள். அவை இரண்டு தனித்தனி மண்.

முடிவில் மூன்று எண்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன்: பி.எச். (மண்ணின் அமில, கார நிலை; 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்), கரிமச்சத்து, மணிச்சத்து.

அது வருவதற்குள் வீட்டிலேயே செய்ய இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று, கட்டிச் சோதனை. நன்றாகக் காய்ந்த மண்கட்டி ஒன்றை, நெல்லிக்காய் அளவில், கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக இறக்குங்கள். என் வயல் கட்டி ஒரு நிமிஷத்துக்குள் புஸ்ஸென்று கரைந்து, தண்ணீர் காவிநிறமாகிக் கலங்கிப் போனது. தென்னை மட்டையும் சருகும் மூடிக் கிடந்த விளைக் கட்டி அரைமணி நேரம் கழித்தும் கட்டியாகவே இருந்தது. ஓரத்தில் இரண்டு குமிழிதான் வந்தது. பாக்டீரியாவும் பூஞ்சையும் சுரக்கும் பசைதான் அந்த மண்துகளைப் பிடித்து வைத்திருக்கிறது. கட்டி கரையாவிட்டால், மண்ணில் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, வேட்டிச் சோதனை. பழைய பருத்தி வேட்டியில் கையகலத் துண்டு இரண்டு கிழித்து, ஈரமுள்ள மண்ணில் அரை அடி ஆழத்தில் புதைத்து, ஒரு குச்சியை நட்டு அடையாளம் வையுங்கள். ஒரு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். நூல் நூலாகச் சிதைந்திருந்தால் நுண்ணுயிர்கள் பசியோடு வேலை செய்கின்றன. மடித்து வைத்தது போல முழுசாக வந்தால் அங்கே வேலைக்கு ஆளில்லை.

மூக்கையும் நம்பலாம். சின்ன வயதில் பக்கத்து வயல் தாத்தா ஒரு பிடி மண்ணை என் முகத்துக்கு நேரே நீட்டி, "மக்களே, மண்ணு மணக்கா பாரு" என்பார். புதுமழையில் வரும் அந்த மணம் ஜியோஸ்மின் என்ற பொருளால் வருகிறது. அதைச் சுரப்பவை ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகைப் பாக்டீரியாக்கள். அழுகல் நாற்றம் வந்தால் காற்றோட்டம் இல்லை. மணமே இல்லாவிட்டால் உயிரோட்டம் குறைவு.

படி 2: அமிலத்தை ஆற்றுங்கள்

நம்ம மாவட்டத்தில் இதுதான் பெரிய வேலை, இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை, ஐப்பசி கார்த்திகை மழை என்று வருஷத்துக்கு இரண்டு தடவை மழை அடித்து, மேட்டு மண்ணிலிருந்த கால்சியமும் மெக்னீசியமும் கீழே இறங்கிப் போய்விடுகின்றன. மிஞ்சுவது இரும்பும் அலுமினியமும். பி.எச். 5.5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர்நுனியைத் தாக்கும். நுனி தடித்துக் குட்டையாகும். அசோஸ்பைரில்லத்துக்குப் பிடித்தது நடுநிலையை ஒட்டிய மண். அமிலம் ஏற ஏற அதன் பெருக்கமும் குறையும், தழைச்சத்து பிடிக்கும் வேலையும் குறையும். மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் கட்டிப் பிடித்துக்கொள்வதால் பாஸ்போபாக்டீரியா எவ்வளவு கரைத்தாலும் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

இதற்கு மருந்து சுண்ணாம்புதான். எவ்வளவு என்பதை மண் பரிசோதனைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்து விளைக்காரர் போட்ட அளவைப் பார்த்துப் போடாதீர்கள். எதைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தும் அளவு மாறும். தூய சுண்ணாம்புக்கல் தூளின் அமிலம் ஆற்றும் திறனை 100 என்று வைத்தால், மெக்னீசியமும் கலந்த டோலமைட் கல் தூளுக்கு ஏறக்குறைய 109, நீற்றிய சுண்ணாம்புக்கு சுமார் 136, சுட்ட சுண்ணாம்புக்கு 179. சிப்பி சுட்ட சுண்ணாம்பு கிடைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் தூள் 100 கிலோ என்று சீட்டு சொன்னால் சுட்ட சுண்ணாம்பு 56 கிலோ போதும். கூடுதலாகப் போட்டால் துத்தநாகமும் போரானும் பயிருக்குக் கிடைக்காமல் போகும், மக்காச்சோள இளம் இலையில் வெள்ளைக் கோடு விழும். மெக்னீசியமும் குறைந்த சரளை மண்ணுக்கு டோலமைட் நல்லது.

விதைப்புக்கு மூன்று வாரம் முன்பே தூவி, மேலாக உழுது கலந்து, ஒரு தண்ணீர் விடுங்கள். சுண்ணாம்பையும் உயிர் உரத்தையும் ஒரே நாளில் போடவே கூடாது. நான் ஒரு வருஷம் அதைச் செய்தேன். ஆள் கிடைத்த நாளில் எல்லா வேலையையும் முடித்துவிடலாம் என்று காலையில் நீற்றிய சுண்ணாம்பு, மாலையில் பாக்டீரியா கலந்த சாணம். சூடான சுண்ணாம்புத் துணுக்கின் மேல் விழுந்த பாக்டீரியா பிழைக்குமா? அந்த வருஷம் போட்ட பாக்கெட் முழுவதும் வீண்.

வயல் மண்ணில் ஒரு நுணுக்கம் உண்டு. தண்ணீர் கட்டி நிற்கும்போது அமில மண்ணின் பி.எச். தானாகவே நடுநிலைக்கு ஏறும். அதனால் நெல்லுக்குத் தொந்தரவு தெரியாது. அறுத்து, வடித்து, காயவிட்டதும் மறுபடி கீழே இறங்கும். "நெல் நன்றாகத்தானே விளைந்தது, மக்காச்சோளம் ஏன் வாடுகிறது" என்று கேட்பவர்களுக்கு ஒரு காரணம் இது.

அமில மண்ணிலும் ஒரு ஆதாயம் இருக்கிறது. பாறை பாஸ்பேட் அங்கேதான் நன்றாகக் கரையும். மணிச்சத்தில் ஒரு பங்கைப் பாறை பாஸ்பேட்டாகக் கொடுத்து, அதனோடு பாஸ்போபாக்டீரியாவையும் மட்கிய சாணத்தையும் சேர்த்தால் செலவும் குறையும், பாக்டீரியாவுக்குக் கரைக்கப் பொருளும் கிடைக்கும்.

படி 3: உழவு, வயலுக்கு ஒன்று விளைக்கு ஒன்று

வயல் மண் வருஷம் இரண்டு தடவை சேறடித்துக் குழம்பானது. மேலே கட்டமைப்பு இல்லை. அரை அடிக்குக் கீழே உழவுக்கால் அழுத்திய கெட்டித் தட்டு இருக்கும். அதைத் தாண்டி மக்காச்சோள வேரும் போகாது, தண்ணீரும் இறங்காது. கும்பப்பூ அறுத்ததும் மண் ஈரம் அடங்கி, கையில் பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உதிரும் பதத்தில் உளிக்கலப்பையால் ஒரு தடவை கிழியுங்கள். ஈரமாக உழுதால் கட்டி கட்டியாகக் காய்ந்து கல்லாகிவிடும். அது ஒரு தடவைதான், வருஷா வருஷம் வேண்டாம்.

இன்னொரு குறை, மாதக்கணக்கில் தண்ணீர் நின்ற வயலில், வேருக்குள் குடியிருந்து செடிக்கு உதவும் பூஞ்சையான வேர் உட்பூசணம் அருகிவிடுகிறது. மக்காச்சோளம் இந்தப் பூஞ்சையை மிகவும் நம்பும் பயிர். பூஞ்சை இழைகளை ஒட்டியே பாக்டீரியாவும் பரவும். அதனால் நெல்லுக்கு நேர் பின்னால் மக்காச்சோளம் போடுபவர்கள் வேம் என்று விற்கும் வேர் உட்பூசணத்தையும் விதைக்குழியில் சேர்ப்பது நல்லது. அவசரம் இல்லாதவர்கள் நடுவே ஒரு உளுந்து எடுத்துவிட்டு மக்காச்சோளத்துக்கு வரலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

விளைக்கு இதற்கு நேர்மாறு. அங்கே ஏற்கெனவே உயிருள்ள மண் இருக்கிறது, அதைக் கலைக்காமல் இருப்பதுதான் வேலை. ரோட்டவேட்டரை மூன்று சுற்று ஓட்டி மண்ணை மாவாக்கினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் துகள் கட்டமைப்பு உடைந்து, ஒளிந்திருந்த கரிமம் எல்லாம் சில வாரத்தில் எரிந்துபோகும். ஒரு கோடை மழை பெய்ததும் மேல்மண் ஓடாக இறுகும். விதைக்கும் வரிசையை மட்டும் கொத்தி, இடையில் உள்ள மண்ணை அப்படியே விடுங்கள். தென்னைக்குள் போடுவதானால் ஏழு வயதுக்கு உட்பட்ட தோப்போ இருபது வயது தாண்டிய தோப்போதான் சரி, நடுவயதுத் தோப்பில் வெளிச்சம் போதாது. மரத்தைச் சுற்றி ஆறடிக்குள் விதைக்க வேண்டாம்.

தென்னையிலோ மிளகிலோ போர்டோ கலவை, காப்பர் மருந்து அடிக்கடி தெளித்த இடத்தையும் நினைவில் வையுங்கள். செம்பு மண்ணில் தங்கும், பாக்டீரியாவுக்கு ஆகாது. அங்கே சாணமும் மட்கும் கூடுதலாகப் போட்டால் செம்பின் கடுமை தணியும்.

படி 4: சாப்பாடு போடுங்கள்

அசோஸ்பைரில்லம் காற்றிலிருந்து நைட்ரஜன் எடுக்க நிறைய சக்தி வேண்டும். அதற்கான சர்க்கரையையும் கரிம அமிலங்களையும் பெரும்பாலும் மக்காச்சோள வேரே சுரந்து தருகிறது. ஆனால் முளைத்த செடி வேர் பரப்பும் வரை பாக்டீரியா உயிரோடு இருக்க, மண்ணில் கரிமம் வேண்டும்.

ஏக்கருக்கு 5 டன் மட்கிய தொழு உரம் என்பது பொதுவான சிபாரிசு. அவ்வளவு இல்லாதவர்கள் இருப்பதை விதை வரிசையில் மட்டும் போடுங்கள். சாணம் மட்கியதுதானா என்று கையை உள்ளே விட்டுப் பாருங்கள். சூடு தட்டினால் இன்னும் ஆகவில்லை.

பசுந்தாள் உரத்தை நான் மிகவும் நம்புகிறேன். வயலில் தக்கைப்பூண்டு, விளையில் சணப்பு அல்லது கொழிஞ்சி. பூக்கும் தறுவாயில் மடக்கி உழுது, இரண்டு மூன்று வாரம் மட்கவிட்டு அப்புறம் விதைக்கலாம். வேலியில் நிற்கும் சீமைக்கொன்னைத் தழையை வெட்டி வரிசையின் நடுவே பரப்பினாலும் போதும்.

இங்கே தென்னை நார்க்கழிவு எளிதில் கிடைக்கிறது என்பதால் பலர் பச்சையாகவே கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அது தவறு. பச்சை நார்க்கழிவில் கரிமம் நைட்ரஜனைப் போல நூறு மடங்குக்கும் மேல். அதை மட்கச் செய்ய மண் பாக்டீரியாக்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும், மக்காச்சோளம் மஞ்சளிக்கும். ஒரு டன் நார்க்கழிவுக்கு ஐந்து புட்டி சிப்பிக்காளான் வித்தும் 5 கிலோ யூரியாவும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் குறையாமல் வைத்து மட்கவிட்டால் அந்த விகிதம் 24-க்கு 1 என்ற அளவுக்கு இறங்கும். கருத்து, மண்வாசம் வந்த பிறகு நிலத்துக்குக் கொண்டுபோங்கள். ஈரம் பிடித்து வைப்பதில் சரளை மண்ணுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை.

படி 5: விதை நேர்த்தி

பாக்கெட் வாங்கும்போதே தயாரித்த தேதி, காலாவதித் தேதி பாருங்கள். கடையில் வெயில் படும் இடத்திலோ பூச்சிமருந்து டப்பாக்களோடோ வைத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டிலும் தகரக் கொட்டகை மோட்டார் அறையில் வைக்காதீர்கள், சமையலறை மண்பானை பக்கம்தான் அதற்கு இடம்.

அடுத்து, விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள். வீரிய ரக விதை பெரும்பாலும் இளஞ்சிவப்பு, நீலம் என்று மருந்து பூசி வருகிறது. பூஞ்சைக்கொல்லி, படைப்புழுவுக்கான மருந்து எல்லாம் அதில் இருக்கும். அதன் மேல் பாக்டீரியா பூசினால் பிழைப்பது குறைவு. அப்படிப்பட்ட விதையானால் விதை நேர்த்தியை விட்டுவிட்டு, அந்தப் பங்கையும் சேர்த்து விதைக்குழி மண்ணில் இடுங்கள். நீங்களே பூஞ்சைக்கொல்லி கலப்பதானால் அது முதலில், பாக்டீரியா 24 மணி நேரம் கழித்து.

மருந்து பூசாத விதைக்கு இப்படிச் செய்யலாம். முந்தின நாள் சோறு வடித்த கஞ்சியை ஆறவிட்டு வையுங்கள். 8 கிலோ விதைக்கு அரை லிட்டருக்குக் குறைவாகவே போதும். அதில் அசோஸ்பைரில்லம் 240 கிராம், பாஸ்போபாக்டீரியா 240 கிராம் கரைத்துக் குழம்பாக்குங்கள். உப்புப் போட்ட கஞ்சி ஆகாது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரும் ஆகாது, கிணற்றுத் தண்ணீர் எடுங்கள். நிழலில் சாக்கை விரித்து விதையைக் கொட்டி, குழம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, இரண்டு கையாலும் அடியிலிருந்து புரட்டுங்கள். பாக்கெட் தூளின் கருமை எல்லா விதையிலும் ஒரே சீராக ஏறி, விதைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உருளும் பதம் வரவேண்டும். அரைமணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றைக்கே ஊன்றிவிடுங்கள். மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்து வைப்பதில் அர்த்தமில்லை.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்துக் காற்று தெரியும்தானே. அந்தக் காற்றில் உலர்த்த வைத்தால் பத்து நிமிஷத்தில் தூசாகப் பறந்துவிடும். அங்கே இருப்பவர்கள் வீட்டுக்குள்ளேயே இந்த வேலையைச் செய்யுங்கள்.

படி 6: மண்ணில் இடுவது

ஏக்கருக்கு நான்கு பாக்கெட் அசோஸ்பைரில்லம், நான்கு பாக்கெட் பாஸ்போபாக்டீரியா. இவற்றை 10 கிலோ மட்கிய சாணத்தூளோடும் 10 கிலோ மண்ணோடும் கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கால் மூடி நிழலில் வையுங்கள். நான் நான்கைந்து நாள் முன்பே கலந்து வைத்துவிடுவேன். அதற்குள் கொஞ்சம் பெருகிவிடும்.

கலவையை நிலம் முழுக்க வீசாமல் விதை ஊன்றும் சாலில் மட்டும் தூவுங்கள். மேலே சொன்ன 45 கணக்கு ஞாபகம் இருக்கட்டும். சாயங்காலம், ஈரமுள்ள மண்ணில், தூவிய உடனே மூடிவிட வேண்டும். பங்குனி வெயிலில் மூடாத செம்மண்ணில் வெறுங்காலை வைக்க முடிகிறதா? அசோஸ்பைரில்லத்துக்குப் பிடித்த சூடு 30-லிருந்து 37 டிகிரி. அதற்கு மேலே போகப் போகச் சிரமம்.

அதனால்தான் மூடாக்கு இல்லாமல் இங்கே கோடை மக்காச்சோளம் போட வேண்டாம் என்கிறேன். தென்னை ஓலை, வைக்கோல், வாழைச் சருகு எதுவானாலும் சரி, முளை வந்த பிறகு வரிசைக்கு இடையில் நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள்.

படி 7: யூரியாவைக் குறைத்து, பிரித்துக் கொடுங்கள்

பாசன நிலத்தில் வீரிய ரகத்துக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 250:75:75 கிலோ. ஏக்கருக்குத் தழைச்சத்து 100 கிலோ, யூரியாவாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 217 கிலோ. உயிர் உரம் இடும்போது தழைச்சத்தில் கால்பங்கு குறைக்கலாம் என்கிறார்கள். முதல் வருஷமே கால்பங்கைக் குறைக்காதீர்கள். பத்தில் ஒரு பங்கு குறைத்துப் பாருங்கள், மண் தேறத் தேற மேலும் குறைக்கலாம். தீவன மக்காச்சோளத்துக்கு இந்த அளவு தேவையே இல்லை.

அசோஸ்பைரில்லத்திடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கவும் கூடாது. மெக்சிகோவின் ஒவாஹாகா மலைப்பகுதியில் ஒரு நாட்டு மக்காச்சோளம் உண்டு. தண்டிலிருந்து இறங்கும் காற்று வேர்களில் கொழகொழவென்று கூழ் சுரந்து, அதில் வாழும் பாக்டீரியாக்களிடமிருந்து தன் தழைச்சத்தில் 29-இலிருந்து 82 சதவீதம் வரை பெறுவதாக 2018-இல் ஆய்வு வெளியானது. நம்ம வயலில் நிற்கும் ரகங்களுக்கு அந்த அளவு வசதி இல்லை. நம்மிடம் அசோஸ்பைரில்லம் செய்யும் பெரிய உதவி, ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளைச் சுரந்து பக்க வேரையும் வேர்த்தூவியையும் பெருக்குவதுதான். வேர் பெருகினால் போட்ட உரத்தையும் தண்ணீரையும் செடி வீணாக்காமல் எடுக்கும். இப்படிப் புரிந்துகொண்டால் ஏமாற்றம் வராது.

யூரியா அதிகமானால் இரண்டு கெடுதல். மண்ணில் அம்மோனியம் நிறைந்திருக்கும்போது பாக்டீரியா நைட்ரஜன் பிடிக்கும் வேலையை நிறுத்திவிடும். கையில் கிடைப்பதை விட்டுவிட்டுக் கஷ்டப்பட்டுத் தேட அதற்கு அவசியமில்லை. அதனால் அடியுரமாகக் கால்பங்கு, 25-ஆம் நாள் அரைப்பங்கு, 45-ஆம் நாள் கால்பங்கு என்று பிரியுங்கள். அடியுரம் விதைக்கு நாலு விரல் தள்ளி இருக்கட்டும். உயிர் உரக் கலவையில் எந்த ரசாயன உரத்தையும் சேர்க்காதீர்கள்.

இரண்டாவது கெடுதல் மெதுவாக வரும். 100 கிலோ யூரியா உண்டாக்கும் அமிலத்தை ஆற்ற 80 கிலோ கால்சியம் கார்பனேட் வேண்டும், அம்மோனியம் சல்பேட்டானால் 110 கிலோ. அப்படியானால் 217 கிலோ யூரியா போட்ட ஏக்கருக்கு ஒரே போகத்தில் 170 கிலோவுக்கும் மேல் சுண்ணாம்பு கடன். நம்ம மண் ஏற்கெனவே அமிலம். கடனை அடைக்காமல் பத்து வருஷம் யூரியா மட்டும் கொட்டிய விளைகளில்தான் பாக்கெட் பலிக்காமல் போகிறது.

படி 8: தண்ணீரும் களையும்

ஜூன் தொடக்கத்தில் திறக்கும் பேச்சிப்பாறைத் தண்ணீர் பிப்ரவரியோடு நின்றுவிடும். கோடை மக்காச்சோளம் கிணற்றை நம்பித்தான். பெருவெள்ளமாக ஒரு தடவை, அப்புறம் பத்து நாள் காய்ச்சல் என்று விடாமல், அளவாக அடிக்கடி விடுங்கள். பாக்டீரியா வேருக்கு நகர்ந்து போவதே மண்துகளைச் சுற்றியுள்ள மெல்லிய தண்ணீர்ப் படலத்தில்தான். மழைக்காலப் பயிருக்கு எதிர்ப் பிரச்சினை. பார் பிடித்து மேலே விதைத்து, ஓரத்தில் வடிகால் வெட்டிவிடுங்கள். தேங்கினால் தழைச்சத்து வாயுவாகிப் பறக்கும், அதையும் பாக்டீரியாக்களே செய்யும்.

நடுவில் வறட்சி தட்டினால் இலையில் வாழும் பாக்டீரியாவான மெத்திலோபாக்டீரியத்தின் கரைசலை லிட்டருக்கு 10 மில்லி வீதம் சாயங்காலம் இலையில் தெளிக்கலாம்.

களையைக் கையால் எடுப்பதே என் விருப்பம். களைக்கொல்லி அடிப்பவர்கள் மண்ணில் இடும் உயிர் உரத்துக்கும் அதற்கும் ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். உளுந்தோ தட்டைப்பயறோ ஊடுபயிராக இருந்தால் அட்ரசின் அடிக்கவே கூடாது, பயறு கருகிவிடும்.

படி 9: பலித்ததா என்று பாருங்கள்

நிலத்தில் இரண்டு வரிசையைப் பாக்கெட் போடாமல் விட்டு, குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். இது இல்லாமல் பலன் தெரிந்தது, தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 25-ஆம் நாள், மேலுரம் போடுவதற்கு முன், இரண்டு பக்கமும் மூன்று மூன்று செடியை மண்வெட்டியால் ஒரு சாண் தள்ளிக் குத்தி, மண்கட்டியோடு எடுங்கள். மெதுவாக உதறி வேரில் எவ்வளவு மண் ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள். பிறகு வாளித் தண்ணீரில் அலசி, பக்க வேரின் அடர்த்தியையும் நுனியின் நிறத்தையும் பாருங்கள். வெள்ளை நுனியும் பஞ்சு போன்ற வேர்த்தூவியும் இருந்தால் நல்லது. நுனி தடித்துப் பழுப்பேறியிருந்தால் அடுத்த வருஷம் படி 2-லிருந்து தொடங்குங்கள்.

கதிர் எடுத்த பிறகு தட்டையை மாட்டுக்கு வெட்டினாலும் அடிக்கட்டையைப் பிடுங்காதீர்கள், தீயும் வைக்காதீர்கள். நாம் கொண்டுவந்த பாக்டீரியாவும், மக்காச்சோளம் வளர்த்த பூஞ்சையும் அந்த வேரைச் சுற்றித்தான் இருக்கின்றன. கட்டைகளுக்கு நடுவே, பயறு வேரில் தழைச்சத்து பிடிக்கும் பாக்டீரியாவான ரைசோபியம் கலந்த தட்டைப்பயறை ஊன்றி, ஒரு தண்ணீர் விடுங்கள். அடுத்த மண் மாதிரியைப் பயறு எடுத்த பிறகு எடுக்கலாம்.